ஔவையார் ஒருவர் இல்லை: ஒரே பெயருக்குள் கலந்துபோன பெண்களை ஏன் பிரித்துப் படிக்கணும்?

கல்யாணப் பந்தியிலோ குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலோ யாராவது ஒரு பெரியவர் இதைச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். "பொண்ணுன்னா அளவா சாப்பிடணும். நான் சொல்லலப்பா, ஔவையாரே சொல்லியிருக்காங்க."

அவர் பொய் சொல்லவில்லை. உணவைச் சுருக்கிக்கொள்வது பெண்ணுக்கு அழகு என்ற பொருளில் கொன்றைவேந்தனில் ஒரு வரி இருக்கிறது. பெண் பேச்சைக் கேட்டு நடக்காதே என்று பொருள்படும் இன்னொரு வரி ஆத்திசூடியில் இருக்கிறது. இரண்டும் ஒரு பெண்ணின் பெயரிலேயே இருப்பதால் அதற்கு மேல் யாரும் வாதாடுவதில்லை. "ஒரு பொம்பளையே சொல்லிட்டாங்களே" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இப்போது இன்னொரு காட்சி. ஒரு பெண் கவிஞர். அவருடைய நண்பர் ஒரு குறுநில மன்னர். மார்பில் வேல் பாய்ந்து போர்க்களத்தில் இறந்துவிட்டார். அந்தப் பெண் அவரை நினைத்துப் பாடுகிறார். கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் சேர்ந்து குடிப்பான், எலும்போடு கறி இருக்கிற இடம் எல்லாம் எங்களுக்குத்தான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, இனிமேல் பாடுகிறவர்களும் இல்லை, பாடுகிறவர்களுக்குக் கொடுக்கிறவர்களும் இல்லை என்று முடிக்கிறார். இது புறநானூறு 235ஆம் பாடல். பாடியவர் பெயர்: ஔவையார்.

பெண்கள் குறைவாகச் சாப்பிடுவதே அழகு என்றவரும், நண்பனோடு உட்கார்ந்து கறியும் கள்ளும் சாப்பிட்டதை நினைத்து அழுதவரும் ஒரே ஆளா?

இல்லை. தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு இது புதுச் செய்தியும் இல்லை. ஆனாலும் பொதுப் புத்தியில் ஔவையார் இன்னும் ஒருவர்தான். நரைத்த தலை, நெற்றியில் திருநீறு, கையில் கோல். முருகன் நாவல் மரத்தில் உட்கார்ந்து சுட்ட பழமா சுடாத பழமா என்று கேட்டது அந்தப் பாட்டியைத்தான். ஒரே பெயர் கொண்ட பலரைச் சேர்த்து ஒரே ஆளாக்கினால் என்ன நஷ்டம் வரும் என்பதற்குத் தமிழில் இதைவிடப் பெரிய உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

எத்தனை ஔவை?

இரண்டு என்பவர்கள் உண்டு, மூன்று என்பவர்கள் உண்டு, ஆறு வரை எண்ணியவர்களும் உண்டு. எண்ணிக்கையில் ஆய்வாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஆனால் எல்லாரும் ஒப்புக்கொள்ளும் ஒன்று: சங்க காலத்து ஔவை வேறு, ஆத்திசூடி எழுதிய ஔவை வேறு.

இதற்குப் பெரிய துப்பறியும் வேலை எல்லாம் தேவையில்லை. நல்வழி என்ற நூலின் கடைசி வெண்பாவை எடுத்துக்கொள்வோம். திருக்குறள், மூவர் பாடிய தேவாரம், திருவாசகம், திருமூலர் வாக்கு எல்லாம் சொல்வது ஒன்றுதான் என்கிறது அந்தப் பாட்டு. திருவாசகத்தின் பெயரைச் சொல்கிற ஒருவர், திருவாசகம் எழுதப்பட்ட பிறகுதானே வாழ்ந்திருக்க முடியும்? மாணிக்கவாசகரைப் பலரும் 9ஆம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி எழுதிய ஔவையைப் பொதுவாக 12ஆம் நூற்றாண்டை ஒட்டி, சோழர் காலத்தில் வைப்பது இதனால்தான்.

இன்னொரு அடையாளம் பிள்ளையார். மூதுரையும் நல்வழியும் பிள்ளையார் வணக்கத்தோடு தொடங்குகின்றன. சங்கப் பாடல்களில் பிள்ளையார் வழிபாடே கிடையாது. பாட்டின் வடிவமும் வேறு. சங்க ஔவை பாடியது அகவல் ஓசையில், நீண்டு ஓடும் ஆசிரியப்பாவில். மூதுரையும் நல்வழியும் வெண்பா. ஆத்திசூடி இன்னும் சுருக்கம், இரண்டு மூன்று சொல்லில் ஒரு வரி முடிந்துவிடும்.

சங்க ஔவை சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தையவர். அவருக்கும் ஆத்திசூடி ஔவைக்கும் நடுவில் 1,000 ஆண்டுகள். தஞ்சைப் பெரிய கோயில் எழும்பிய நாளுக்கும் இன்றைக்கும் நடுவில் இருக்கிற தூரம் அது. ராஜராஜனுக்கும் இப்போது இதை மெட்ரோவில் படித்துக்கொண்டிருப்பவருக்கும் ஒரே பெயர் இருந்தால், இருவரையும் ஒரே ஆள் என்று சொல்வோமா?

இவர்களைத் தவிர விநாயகர் அகவல் பாடிய ஔவை இருக்கிறார், 300க்கும் மேற்பட்ட குறள்களில் யோகமும் ஞானமும் சொல்லும் ஔவை குறள் இருக்கிறது. மூலாதாரம், குண்டலினி என்று பேசுகிற உலகம் அது. நீதி சொல்லும் ஔவையிடம் அந்தப் பேச்சு இல்லை. இந்த இரண்டையும் பாடியவர்கள் ஒருவரா, ஆத்திசூடி ஔவையேதானா என்பதில் வாதம் தொடர்கிறது.

முதல் ஔவையைக் கொஞ்சம் பார்ப்போம்

சங்க ஔவையின் பெயரில் 59 பாடல்கள் கிடைத்திருக்கின்றன. புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. சங்க இலக்கியத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட பெண் கவிஞர்கள் இருக்கிறார்கள். அவர்களில் அதிகம் பாடியவர் இவர்தான்.

அவர் காட்டும் உலகத்தில் பாட்டிக்குரிய லட்சணம் எதுவும் இல்லை. புறநானூறு 89இல் எதிரி மன்னன் ஒருவன், உங்கள் நாட்டில் சண்டை போட ஆள் இருக்கிறதா என்று கேட்கிறான். யாரைப் பார்த்துக் கேட்கிறான்? மை தீட்டிய கண்ணும் ஒளிவிடும் நெற்றியும் கொண்ட விறலியைப் பார்த்து. விறலி என்றால் ஆடிப் பாடும் கலைஞர். பதில் சொல்கிற ஔவை அந்த விறலியாகவே பேசுகிறார். அது கவிஞரின் நிஜத் தோற்றமா, பாட்டுக்காகப் போட்ட வேடமா என்று கேட்கலாம். எப்படியிருந்தாலும் கோல் ஊன்றிய கிழவி அங்கே இல்லை.

குறுந்தொகை 28 இன்னும் சூடானது. காதலில் தவிக்கும் பெண் நடுராத்திரியில் பேசுகிறாள். என் வேதனை தெரியாமல் இந்த ஊர் நிம்மதியாகத் தூங்குகிறதே, இதை முட்டுவேனா, அடிப்பேனா, ஏதாவது சாக்கு வைத்துக் கத்தி எழுப்புவேனா என்கிறாள். இன்றைக்கு ராத்திரி 2 மணிக்கு இதை யாராவது ஸ்டேட்டஸாகப் போட்டால் நாலு பேர் "என்னாச்சு?" என்று கேட்பார்கள். எழுதியது ஔவையார் என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

புறநானூறு 206, ஃப்ரீலான்ஸ் வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் ஒருமுறை படிக்க வேண்டிய பாட்டு. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, பரிசு கொடுக்காமல் நாளைக் கடத்துகிறான். ஔவை அவனிடம் போய்க் கெஞ்சவில்லை. வாயில் காவலனிடம் பேசுகிறார். அஞ்சிக்குத் தன்னைத் தெரியாதா, இல்லை என்னைத் தெரியாதா? அறிவும் புகழும் உள்ளவர்கள் செத்து உலகம் ஒன்றும் காலியாகிவிடவில்லை. யாழை எடுத்தாச்சு, பையைக் கட்டியாச்சு. கோடாலியோடு காட்டுக்குள் போகிற தச்சன் பிள்ளைக்கு மரம் கிடைக்காமல் போகுமா? எங்களுக்கும் எந்தத் திசையில் போனாலும் சோறு உண்டு. பேமெண்ட் தாமதத்துக்கு இவ்வளவு நிமிர்ந்த பதில் தமிழில் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை.

அதே அதியமான்தான் அவரை நம்பிக் காஞ்சியின் தொண்டைமானிடம் தூது அனுப்புகிறான். தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைப் பெருமையாகக் காட்டுகிறான். ஔவை புகழ்வதுபோல் பாடுகிறார். இங்கே ஆயுதங்கள் எல்லாம் மயில்பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவலுக்குள் பத்திரமாக இருக்கின்றன. எங்கள் தலைவனுடைய ஆயுதங்கள், எதிரியைக் குத்திக் குத்தி முனை உடைந்து, எப்போதும் கொல்லன் பட்டறையில்தான் கிடக்கின்றன. புறநானூறு 95. ராஜதந்திரம் என்றால் இது.

அஞ்சி கற்பனை ஆள் இல்லை என்பதற்கு ஒரு கல்லும் உண்டு. திருக்கோவிலூர் பக்கத்தில் ஜம்பை என்ற ஊரில் 1981இல் ஒரு தமிழ்-பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் என்று அதில் பெயரோடு இருக்கிறது. அது ஔவையின் நண்பன் அஞ்சியா, அவன் பரம்பரையில் அதே பெயர் கொண்ட இன்னொருவனா? பெயர்க் குழப்பம் இங்கேயும் விடவில்லை.

மூன்று கார்த்திக் இருந்தால் என்ன செய்வோம்?

ஆபீஸில் மூன்று கார்த்திக் இருந்தால் இனிஷியல் போட்டுப் பிரிப்போம். இல்லையென்றால் "டெஸ்டிங் கார்த்திக்", "திருச்சி கார்த்திக்" என்று வேலையையோ ஊரையோ ஒட்டவைப்போம். சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களும் அதையேதான் செய்தார்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றால் மதுரையில் துணி வியாபாரம் செய்தவர். கூலவாணிகன் சாத்தனார் தானிய வியாபாரி. நக்கீரருக்கு அப்பாவின் தொழிலே முன்னொட்டு, மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்.

அரசர்களுக்குச் செய்ததுதான் உச்சம். பாண்டியர்களில் நன்மாறன் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். எப்படிப் பிரிப்பது? செத்த இடத்தை வைத்து! ஒருவர் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன், இன்னொருவர் சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன். துஞ்சிய என்றால் இறந்த. பெயரோடு மரணச் சான்றிதழையும் சேர்த்தே சுமக்கிற மாதிரி. கேட்க விநோதமாக இருந்தாலும் வேலை நடந்துவிட்டது, 2,000 வருஷம் கழித்தும் இருவரும் கலக்கவில்லை.

பிற்காலத்திலும் ஆண் கவிஞர்களுக்கு இந்தக் கவனம் கிடைத்தது. சைவத் திருமுறைகளில் 11ஆவதில் நக்கீரர், கபிலர், பரணர் பெயர்களில் பாடல்கள் உண்டு. ஆனால் அங்கே அவர்கள் நக்கீரதேவ நாயனார், கபிலதேவ நாயனார், பரணதேவ நாயனார். அந்த "தேவ நாயனார்" ஒட்டு இருப்பதால், நெடுநல்வாடை பாடிய நக்கீரர் வேறு இவர் வேறு என்று சொல்வது ஆய்வாளர்களுக்கு லேசாகிவிட்டது. பக்தர்களின் கதைகளில் அவர்களும் கலந்தார்கள்தான். ஆனால் ஏட்டில் ஒரு அடையாளமாவது மிஞ்சியது.

ஔவைக்கு மட்டும் ஊர் இல்லை, தொழில் இல்லை, அப்பா பெயர் இல்லை, ஒட்டும் இல்லை. வெறும் ஔவையார்.

உயிரோடு இருப்பவர்கள் தங்கள் பெயருக்காகத் தாங்களே பேசிக்கொள்ளலாம். 1899இல் அமெரிக்காவில் வின்ஸ்டன் சர்ச்சில் என்ற நாவலாசிரியர் பிரபலமாக இருந்தார். அப்போது இளைஞராக இருந்த, பின்னாளில் பிரிட்டன் பிரதமரான வின்ஸ்டன் சர்ச்சில் அவருக்குக் கடிதம் எழுதி, இனி தன் புத்தகங்களில் "வின்ஸ்டன் ஸ்பென்சர் சர்ச்சில்" என்று கையெழுத்திடுவதாகச் சொன்னார். தனக்கு நடுப் பெயர் இருந்திருந்தால் தானும் சேர்த்திருப்பேன் என்று மற்றவர் பதில் போட்டார். பிரச்சினை தீர்ந்தது. இரண்டு கடிதம்தான். தகடூர் ஔவைக்கு அந்த வாய்ப்பு இல்லை. தனக்கு 1,000 வருஷம் கழித்து இதே பெயரில் ஒருவர் வருவார், அவருடைய வரிகளும் தன் கணக்கிலேயே ஏறும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கலந்தது எப்படி?

முதல் காரணம் பெயருக்குள்ளேயே இருக்கிறது. அவ்வை என்ற சொல்லுக்குத் தாய், மூத்த பெண் என்ற பொருள். கன்னடத்தில் அவ்வா என்றால் அம்மா, தெலுங்கில் பாட்டி. அதாவது இது "அம்மையார்" மாதிரி ஒரு மரியாதைச் சொல்லாகவும் இருந்திருக்கலாம். மரியாதைச் சொல் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். பெயரே பாட்டி என்று சொல்லும்போது, ஆளையும் பாட்டியாக்குவது சுலபம்.

இரண்டாவது காரணம் அச்சு. சங்க நூல்கள் நெடுங்காலம் பொதுமக்கள் கையில் இல்லை. உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டது 1894இல். குறுந்தொகை 1915இல்தான் வந்தது. ஆத்திசூடியோ அதற்கு எவ்வளவோ முன்பிருந்து திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மனப்பாடம் செய்த பாடம். கள் குடித்த, தூது போன, சம்பளத்துக்குச் சண்டை போட்ட ஔவை அச்சில் வந்தபோது, பாட்டியின் படம் மக்கள் மனசில் எப்போதோ ஆணியடித்து மாட்டியாகிவிட்டது. புதிதாக வந்தவரும் அந்த ஃபிரேமுக்குள்ளேயே அடைக்கப்பட்டார்.

மூன்றாவது, கதைகள். கல்யாணம் வேண்டாம் என்று பிள்ளையாரிடம் வேண்டி இளமையிலேயே கிழவியானார் என்ற கதையை எல்லாருக்கும் தெரியும். யோசித்துப் பார்த்தால் அது கொஞ்சம் கசப்பான கதை. ஒரு பெண் ஊர் ஊராகத் தனியாக அலைய வேண்டும், அரசவையில் பேச வேண்டும் என்றால் அவள் முதலில் கிழவியாக வேண்டும் என்பதுதானே அதன் உள்கணக்கு? சங்க ஔவைக்கு அந்த நிபந்தனை இருந்ததாக அவர் பாடல்கள் எங்கேயும் சொல்லவில்லை.

கதைகள் இன்னொரு வேலையும் செய்தன. மற்றவர்கள் செய்ததையும் ஔவை கணக்கில் எழுதின. பாரி இறந்த பிறகு அவன் மகள்களை அழைத்துக்கொண்டு மாப்பிள்ளை தேடி அலைந்தவர் கபிலர், புறநானூற்றில் அந்தப் பாடல்களே இருக்கின்றன. பிற்காலக் கதையில் அந்தப் பெண்களுக்குக் கல்யாணம் செய்துவைப்பது ஔவைப் பாட்டி. அங்கவை, சங்கவை என்ற பெயர்களும் அப்படிப் பின்னால் வந்தவைதான். புறநானூறு 112ஐப் பாடிய அந்த இரண்டு பெண்களுக்குத் தொகுப்பில் சொந்தப் பெயர் இல்லை, வெறும் "பாரி மகளிர்". கடைசியில் பெயர் கிடைத்தது. கிடைத்த பெயர் 2007இல் "சிவாஜி" படத்தில் தோல் நிறத்தைக் கிண்டல் செய்யும் காமெடிக்குப் பயன்பட்டது. அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர்கள் யாருடையவை என்று தெரிந்திருக்கும்?

பிறகு சினிமா முத்திரை குத்தியது. 1953இல் ஜெமினி எடுத்த "ஔவையார்" படத்தில் கே.பி. சுந்தராம்பாள். படம் வந்தபோது அவருக்கு நாற்பதுகளின் நடு வயதுதான். அந்தக் குரலும் அந்த நடையும் அப்படியே ஔவையாகிவிட்டன. "திருவிளையாடல்", "கந்தன் கருணை" என்று மறுபடியும் மறுபடியும் அவரே வந்தார். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அந்தக் குரலுக்கு முன்னால் எந்த ஆராய்ச்சியும் நிற்காது. ஆனால் இன்றைக்கும் ஔவை என்று கண்ணை மூடினால் வருவது அவருடைய முகம்தான்.

இதில் வேடிக்கை, ஔவை என்ற பெயர் ஆண்களிடமும் போய்ச் சேர்ந்தது. நாடகத்தில் ஔவையாராக நடித்துப் புகழ்பெற்ற டி.கே. சண்முகம், "ஔவை" சண்முகம் ஆனார். சென்னையில் ஔவை சண்முகம் சாலை அவர் பெயரில்தான். கமல்ஹாசனின் "அவ்வை சண்முகி" தலைப்பும் அங்கிருந்துதான். புறநானூற்றுக்கு விரிவாக உரை எழுதிய ஔவை துரைசாமிப் பிள்ளையின் ஔவையோ ஊர்ப் பெயர், அவர் பிறந்தது திண்டிவனம் பக்கத்தில் ஔவையார்குப்பம். இந்த இரண்டு ஆண் ஔவைகளை யாரும் ஒரே ஆளென்று குழப்பிக்கொண்டதில்லை. அவர்களுக்குத்தான் பின்னால் ஒரு சொந்தப் பெயர் இருக்கிறதே.

"எல்லாம் ஒண்ணுன்னு இருந்தா என்ன இப்போ?"

நியாயமான கேள்வி. அதற்கு ஆதரவாகவும் கொஞ்சம் சொல்லலாம். ஔவை என்ற ஒற்றை உருவம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒன்றைக் கொடுத்தது. எழுத்தறிவின் முதல் குரல் ஒரு பெண்ணுடையது என்ற எண்ணம் அது. பல சமூகங்களில் அது கிடையாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆதரவில்லாத பெண் குழந்தைகளுக்காக 1930களில் சென்னையில் இல்லம் தொடங்கியபோது ஔவை இல்லம் என்றுதான் பெயர் வைத்தார். அந்தப் பெயருக்கு அப்படி ஒரு பலம் உண்டு. பிற்கால ஔவைகள் மூத்தவரின் மீதிருந்த மரியாதையால் அந்தப் பெயரை விரும்பி ஏற்றிருக்கவும் கூடும். அப்படியென்றால் அது திருட்டு இல்லை, வாரிசுரிமை.

ஆத்திசூடி ஔவையை வில்லியாக்குவதும் சரியல்ல. சாதி இரண்டுதான், கொடுப்பவர் பெரியவர் கொடுக்காதவர் சிறியவர் என்று நல்வழியில் சொன்னவர் அவர். குழந்தைக்குப் புரியும் இரண்டு சொல்லில் ஒரு முழு எண்ணத்தை வைக்கும் கலை அவருடையது. ஆத்திசூடி என்ற வடிவத்தையே பாரதியார் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டவர், பெண்ணை உயர்த்து என்ற பொருளில் ஒரு வரியைத் தன் புதிய ஆத்திசூடிக்குள் வைத்தார். பழைய வரிக்குப் பதில் அதே வடிவத்திலேயே போய்ச் சேர்ந்தது. அவர் காலத்தில் அவர் சொன்னதை அவர் காலத்தோடு வைத்துப் படித்தால் சண்டையே இல்லை.

சிக்கல், 12ஆம் நூற்றாண்டு வரிக்கு 2,000 வருஷத்து மரியாதையைக் கடனாகக் கொடுக்கும்போது வருகிறது. பந்தியில் "ஔவையே சொன்னாங்க" என்று சொல்லும்போது, நெல்லிக்கனியை அதியமானிடம் வாங்கிய ஔவையின் கௌரவமும் அந்த வரிக்குப் போய்விடுகிறது. அந்த ஔவை அப்படிச் சொல்லவே இல்லை. கொன்று தின்னாமல் இருப்பதே நோன்பு என்று கொன்றைவேந்தன் சொல்கிறது. எலும்போடு கறி கொடுத்த நண்பனை நினைத்து அழுதவர் வேறு ஒருவர். இரண்டுக்கும் இடம் உண்டு. ஒன்றை வைத்து இன்னொன்றின் வாயை மூடுவதற்கு இடம் இல்லை.

எண்ணிக்கையிலும் நஷ்டம். கபிலர், பரணர், நக்கீரர், கம்பர், ஒட்டக்கூத்தர் என்று ஆண்களின் வரிசை நீண்டுகொண்டே போகும். பெண்கள் என்றதும் ஔவை, காரைக்கால் அம்மையார், ஆண்டாள் என்று மூன்று விரலில் நின்றுவிடுகிறது. அந்த முதல் விரலுக்குள்ளேயே குறைந்தது இரண்டு மூன்று பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள்.

தீர்வு ஒன்றும் கஷ்டமில்லை. சங்கத் தொகுப்பாளர்கள் செய்ததையே செய்தால் போதும், ஊரையோ நூலையோ முன்னால் ஒட்டலாம். தகடூர் ஔவை, ஆத்திசூடி ஔவை, அகவல் ஔவை. பாடநூலில் ஆசிரியர் குறிப்புக்குள் "இவர் வேறு, அவர் வேறு" என்று ஒரு வரியாக ஒளிந்திருக்கும் விஷயம் பெயரிலேயே வந்துவிடும். கோட்ஸ் பகிரும் பேஜ்கள், குரலில் கேட்டால் பதில் சொல்லும் ஏஐ செயலிகள், விளம்பரத்துக்குப் பாட்டி படம் வரைகிறவர்கள் எல்லாருக்கும் எந்த ஔவை என்று ஒரு நொடி யோசிக்க வேண்டிவரும். வெள்ளிக் கோளில் உள்ள பள்ளங்களுக்குப் பெண்களின் பெயரை வைப்பது விண்வெளி ஆய்வாளர்களின் வழக்கம். அங்கே "அவ்வியார்" என்று ஒரு பள்ளமும் இருக்கிறது. அங்கே போய்ப் பிரிக்க வேண்டாம், இங்கே பிரித்தால் போதும்.

தகடூர் ஔவைக்கு இன்னொரு பெண் கவிஞரின் பெயரைச் சொல்லத் தெரிந்திருந்தது. அகநானூறு 147 அவருடைய பாட்டு. காதலனைப் பிரிந்த பெண் ஒருத்தி அதில் பேசுகிறாள். சாப்பாடு இறங்கவில்லை, உடம்பு இளைத்துவிட்டது, இங்கே சும்மா உட்கார்ந்திருக்க முடியாது, வெள்ளிவீதி போனதுபோல நானும் கிளம்பப் போகிறேன் என்கிறாள். வெள்ளிவீதியார் குறுந்தொகையிலும் நற்றிணையிலும் அகநானூற்றிலும் பாடல்கள் உள்ள கவிஞர். மூத்தவள், தாய், அம்மையார் என்று எந்தப் பொதுச்சொல்லும் போடாமல், அந்தப் பெண்ணை அவள் பெயராலேயே ஔவை குறிப்பிட்டிருக்கிறார்.